முறுக்கிக் கட்டிய கம்பி

நசுருதீன் பாயிடம் வண்டியை விடுகிறவர்கள், விட்ட கையோடு டீக்கடைக்குப் போய்விடுவது நல்லது. பக்கத்தில் நின்றுகொண்டு "இன்னும் எவ்வளவு நேரமாகுங்க?" என்று கேட்டால் போச்சு. "நீயே பாத்துக்க" என்று டெஸ்டரைக் கையில் திணித்துவிட்டு அவர் டீக்கடைக்குப் போய்விடுவார். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்ட நாளிலிருந்து அந்த வாயால் அவர் இழந்த வாடிக்கை கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் லாரியோ டிராக்டரோ, வயரிங் என்று படுத்துக்கொண்டால் சுற்றுவட்டாரம் அவரிடம்தான் வந்து நின்றது. வேலை அவ்வளவு சுத்தம்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், இருகூர் ரோட்டில் பொங்கியண்ணக் கவுண்டரின் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்குள் டி.வி.எஸ். ஃபிஃப்டியை நிறுத்தியபோது வாயே திறக்கவில்லை. உலை அணைந்து கிடந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. வார்ப்பு மண் குவித்திருந்த கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி ஒரு உருவம் நின்றது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கோயமுத்தூரில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்த வண்டியில்தான் கவுண்டரின் ஒரே மகன் அருள்குமார் தீயில் வெந்து, ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

கவுண்டர் தானே தார்ப்பாயை இழுத்துப் போட்டார். எழுத்துப் படிக்க முடியாத அளவுக்குப் பெயின்ட் பொரிந்துபோன குட்டி லோடர். ஒரே ஒரு ஆள் உட்காருகிற, பின்பக்கம் கம்பிவலை அடைத்த இரும்புக் கூண்டு, கூண்டின் இரண்டு பக்கமும் இரும்புக் கைகள், கைகளின் முனையில் மண் அள்ளும் பக்கெட். கதவு என்று ஒன்று கிடையாது. முன்பக்கமாகப் பக்கெட்டைத் தாண்டித்தான் ஏற வேண்டும், அப்படியேதான் இறங்கவும் வேண்டும். கொச்சித் துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த பழைய வண்டி அது. அருள்தான் அப்பாவை நச்சரித்து வாங்க வைத்தான். ஆட்கள் கூடையில் மண் சுமந்து முதுகு ஒடிகிறார்கள் என்று அவனுக்கு வருத்தம்.

"பாயி, இத ஓட வைக்கோணுமுங்க."

"எதுக்குங்க கவுண்டரே? எடைக்குப் போட்டு விடுங்க. இத வெச்சுப் பாத்துக்கிட்டு எப்படி இருப்பீங்க?"

"ஓட வைக்கோணும். என்ற பையன் ஆசப்பட்டு வாங்குனது." கவுண்டர் வண்டியைப் பார்க்காமல் பேசினார். "அதுக்கு முன்னால, தீ எப்படிப் புடிச்சுதுன்னு பாத்துச் சொல்லோணுமுங்க. வெள்ளிக்கெழம எஸ்.ஐ. வாராரு. வயரிங் தெரிஞ்ச ஆளு சொல்றத எழுதிக்கறேன்னுட்டாரு. வேலன்தான் காரணம்னு நாங்க சொல்லியிருக்கறோம். நீங்களும் சொல்லிப்போட்டீங்கன்னா அவனப் புடிச்சு உள்ள வெச்சுருவாங்க."

வேலன் அந்த லோடரை ஓட்டுகிறவன். இன்ஜினை டீசல் விட்டுக் கழுவிவிட்டு, நனைந்த துணியைச் சைலன்சர் மேல் மறந்து வைத்துவிட்டான், அருள் வண்டியில் ஏறியதும் அது பற்றிக்கொண்டது. இதுதான் கவுண்டர் வீட்டுக் கணக்கு. நசுருதீன் தலையாட்டினார். அருளை அவருக்குப் பிடிக்கும். கடைக்கு வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இது ஏன் அது ஏன் என்று துளைத்தெடுப்பான். அவனிடம் மட்டும் பாய் டெஸ்டரை நீட்டியதில்லை.

வேலையில் இறங்கினார். எரிந்த வண்டியில் எடுத்த எடுப்பில் புது வயர் இழுக்கக் கூடாது. பழையதை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கே வயர் வெறும் கரியாகியிருக்கிறது, எங்கே செம்பே உருகி மணி மணியாகத் திரண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வந்த தீ வயரின் தோலைத்தான் தின்னும். வயருக்குள்ளேயே பிறந்த தீ செம்பை உருக்கும். கூண்டுக்குள் தலையை நுழைத்ததும் மூக்கில் ஏறிய வாடை ரப்பர் வாடை மட்டுமல்ல என்று அவருக்குத் தோன்றியது. லுங்கியின் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டார். சீட்டுக்கு அடியில் ஒரு செருப்பின் வார் ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தனியாக வைத்தார்.  

சைலன்சர் பக்கம் ஒன்றுமில்லை. அங்கே வயர் கறுத்திருந்ததே தவிர உருகவில்லை. டீசல் துணிக்கதை அங்கேயே முடிந்துபோனது. இடதுபக்க இரும்புக் கை வண்டியோடு சேருகிற மூட்டில்தான் விஷயம் இருந்தது. கை ஏறி இறங்கும்போதெல்லாம் வயர்க்கட்டு அங்கே இரும்பில் உரசியிருக்கிறது. தோல் தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டிருக்கிறது. மணி மணியாக உருகிக் கிடந்தது.

சரி, அது நடக்கிறதுதான். பழைய வண்டி என்றால் வயர் உரசும், ஷார்ட் ஆகும். ஆனால் ஷார்ட் ஆன நொடியில் ஃப்யூஸ் போயிருக்க வேண்டும். ஃப்யூஸ் போனால் வண்டி நிற்கும், ஆள் இறங்கிக் கெட்ட வார்த்தை பேசுவான், அவ்வளவுதான். தீப்பிடிக்காது. அப்படியானால் ஃப்யூஸ் ஏன் போகவில்லை?

ஃப்யூஸ் பெட்டி பாதி உருகி வழிந்திருந்தது. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ்கள். ஒரு இடத்தில் மட்டும் கண்ணாடி இல்லை. பிளாஸ்டிக் உருகிக் கட்டியாக மூடியிருந்தது. கட்டிங் பிளேயரால் அதை நொறுக்கினார். உள்ளேயிருந்து செம்புக் கம்பி வந்தது. ஒற்றை இழை இல்லை. பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, முனையை மடித்து வளையமாக்கி, அந்த வளையத்துக்குள் மறு முனையை நுழைத்து இழுத்திருந்தது. கன்றுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி.

 அந்த முடிச்சை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

நம் பக்கத்து விவசாயிக்கு ஃப்யூஸ் என்றாலே ஆகாது. த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் வோல்டேஜ் இருக்காது. மோட்டார் முக்கும், ஃப்யூஸ் போகும். இருட்டில் பாம்புக்குப் பயந்துகொண்டு வரப்பில் நடந்து கிணற்றுக்குப் போய் யார் ஃப்யூஸ் போட்டுக்கொண்டிருப்பது? ஆகவே நல்ல தடிமனாகச் செம்பை முறுக்கி ஃப்யூஸ் கட்டையில் கட்டி வைத்துவிடுவார்கள். மோட்டார் காயில் எரிந்தாலும் எரியும், ஃப்யூஸ் போகாது. ஊர் முழுக்க இதே வழக்கம்தான். பொங்கியண்ணன் பவுண்டரி வைப்பதற்கு முன்னால், சூலூர்ப் பக்கம் தோட்டத்தில் வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஸ்டார்ட்டர் பார்க்கப் போன நசுருதீன் அவருடைய ஃப்யூஸ் கட்டையில் இந்த முடிச்சைப் பார்த்துவிட்டு, "இது ஃப்யூஸா இல்ல தாம்புக்கயிறா?" என்று ஆட்கள் முன்னால் கத்தினார். கவுண்டர் அன்றைக்குச் சிரித்து மழுப்பினார். அப்புறம் ரொம்ப நாள் அவரைக் கூப்பிடவில்லை.

கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் கருப்பாத்தாள் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். அருளின் அம்மா. சோறும் கொள்ளுப்பருப்பும். மகன் போனதிலிருந்து வீட்டில் சரியாக உலை வைப்பதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. சோறு பாதி வேகாமல் இருந்தது. அவள் மண்குவியல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங் பாயி, ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

"பாத்துக்கிட்டிருக்கேங்க அக்கா."

"அவந்தானுங்க. வேற ஆரு? கை வெந்துபோச்சுன்னு ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரியறான். தீ வெச்சவனுக்குக் கை சுடாதுங்களா?" பேசப் பேச அவள் குரல் ஏறியது. "நேரா அவன் ஊட்டு வாசலுக்கே போனனுங்க. ரெண்டு கையிலயும் மண்ண வாரித் தூத்திப்போட்டு வந்தேன். என்ற வயித்த எரிய வெச்சவன் குடி வெளங்குமான்னு கேட்டேன். அவன் ஒரு சொல்லு பேசோணுமே? தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறான். தப்பு இல்லாதவன் பேசாம நிப்பானுங்களா?"

நசுருதீன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சட்டைப் பையில் இருந்த கம்பி நெஞ்சைக் குத்துகிற மாதிரி இருந்தது.

"இவந்தான்னு நீங்க ஒரு சொல்லு சொன்னாப் போதுமுங்க. என்ற வயிறு கொஞ்சமாச்சும் ஆறும்" என்றாள் அவள். 

பொழுது சாயும் நேரத்தில் தன் வண்டியை ரயில்வே கேட் தாண்டி வேலன் குடியிருக்கிற வளவுக்கு விட்டார். வேலன் பெண்டாட்டி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினாள். யாரோ வண்டியில் வந்து நிற்கிறார்கள் என்றதும் போலீஸ் என்று நினைத்து முகம் வெளுத்துப்போனது. பாயைப் பார்த்ததும்தான் மூச்சு விட்டாள்.

வேலன் உள்ளே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கட்டு. நசுருதீன் கம்பியை எடுத்து அவன் முன்னால் நீட்டினார். வேலன் அதைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, "நீ செத்த வெளிய இரு" என்றான்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் நசுருதீன்.

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏன்டா வாயத் தொறக்கல? அந்தம்மா வந்து மண்ணத் தூத்திட்டுப் போற வரைக்கும் கல்லாட்டம் நின்னியா? வெள்ளிக்கெழம போலீசு வருது, தெரியுமில்ல?"

வேலன் நிதானமாகத்தான் பேசினான். "அன்னிக்குக் காத்தால இருந்து ஓயாம ஃப்யூஸ் போச்சுங்க. எங்கியோ வயரு ஒரசுதுங்க, பாயியக் கூப்புட்டுப் பாத்துரலாமுங்கன்னு சொன்னேன். கவுண்டரு கேக்கலீங்க. அந்த மனுசன் வந்தா வேலைய விட வாய்தான் சாஸ்தி, நாலு பேரு முன்னால மானத்த வாங்குவான்னுட்டு, அவரே கம்பி எடுத்தாந்து கட்டுனாருங்க. அதுக்கப்பறம் ஃப்யூஸ் போகலீங்க."

 நசுருதீன் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார். தன்னைக் கூப்பிட்டிருந்தால் போதும். கால் மணி நேர வேலை. தன் வாய்க்குப் பயந்து கூப்பிடவில்லை.

"நான் சோத்துக்கு உக்காந்தேன். மண்ணு சீக்கிரம் வேணும்னு சின்னவரு தானே ஏறிட்டாருங்க. பக்கெட்டு பாதி ஏறுனப்பப் பொகை வந்துச்சு. கரண்டு போனா அந்த இரும்புக் கை எறங்காதுங்களே, பாயி. வழிய மறிச்சுக்கிட்டு அப்படியே நின்னுபோச்சு. மேல தூக்கவும் முடியல, கீழ எறக்கவும் முடியல. நான் பொறத்தால போய்க் கம்பிவலையப் புடுங்குனேன். புடுங்கி இழுத்துப்போட்டேன். ஆனா அதுக்குள்ள…" கட்டுப்போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டு நிறுத்தினான்.

"சரி. அப்பறம் ஏன் சொல்லல?"

"பெரியாஸ்பத்திரில பக்கத்துப் பக்கத்துக் கட்டலு. கவுண்டரு டாக்டரப் பாக்க வெளிய போனப்பச் சின்னவரு கூப்புட்டாரு. குரலே வரலீங்க. கம்பி கட்டியிருந்தத ஏறறப்பவே பாத்துட்டாருங்களாம். 'வேலா, கம்பி கட்டுனதாலதான் இப்படி ஆச்சுன்னு அப்பாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவரு பொழைக்க மாட்டாரு'ன்னாருங்க. கையடிச்சுச் சத்தியம் பண்ணுன்னாரு. அடிக்கறதுக்கு ரெண்டு பேருக்கும் கை இல்லீங்க. வாயிலதான் சொன்னேன்."

வெளியே துடைப்பச் சத்தம் மறுபடி கேட்டது.  நசுருதீனுக்குக் கோபம்தான் வந்தது. "அதுக்காக ஜெயிலுக்குப் போவியா? உன் பொண்டாட்டி என்ன பண்ணுவா?"

"போனாத் திரும்பி வந்துருவனுங்க, பாயி" என்றான் வேலன். "நீங்களும் சொல்லப்படாதுங்க. சின்னவரு கேட்டுக்கிட்டது அது ஒண்ணுதான்."

நசுருதீன் கம்பியைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைசியில், "வயர எலி கடிச்சுருச்சுன்னு சொல்லிடறேன்" என்றார். "ஆரு மேலயும் குத்தமில்ல. நீயும் தப்பிச்ச, அவரும் தப்பிச்சாரு." வேலனின் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. கும்பிடக் கையைத் தூக்கினான், வலித்ததும் இறக்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் நசுருதீன் மாடு மாதிரி உழைத்தார். எரிந்ததையெல்லாம் அறுத்துப் போட்டார். புது வயர் இழுத்து, உரசுகிற மூட்டில் ரப்பர் குழாய் மாட்டி, துணி டேப் சுற்றி, புது ஃப்யூஸ் பெட்டி வைத்தார். ஒவ்வொரு கண்ணாடி ஃப்யூஸையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் போட்டார். அந்த வேலையை யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம். அவர் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை. செய்துகொண்டே எலிக்கதையை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது, வேலையை விட அதுதான் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சாவியைத் திருப்பியதும் லோடர் ஒரு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. சத்தம் கேட்டுக் கருப்பாத்தாள் வீட்டிலிருந்து ஓடி வந்தாள். பின்னாலேயே பொங்கியண்ணன் வந்தார். ஓடுகிற வண்டியை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் நசுருதீனே அதை நிறுத்தினார்.

"எலிங்க" என்றார். "கை சேர்ற மூட்டுக்குப் பக்கத்துல எலி வயரக் கடிச்சிருக்குது. ஷார்ட் ஆகிருச்சு. ஆரு மேலயும் தப்பில்லீங்க."

கருப்பாத்தாள் விழித்தாள். "எலிங்களா? அப்ப வேலனில்லீங்களா?"

"இல்லீங்க அக்கா. சைலன்சர் பக்கம் தீயே புடிக்கல."

அவள் மண்குவியலில் அப்படியே உட்கார்ந்தாள். வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். யார் மேல் போட்டு ஆறலாம் என்று இருந்தாளோ அந்த ஆளும் இல்லாமல் போனதில் அவளுக்கு அழுகை கூட வரவில்லை. இத்தோடு முடிந்தது என்று நசுருதீன் ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். முடிந்திருக்கலாம். பொங்கியண்ணன்தான் விடவில்லை.

"எலின்னா எடுபடாதுங்க, பாயி." கவுண்டர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "எலி கடிச்சா ஃப்யூஸ் போயிருக்கோணுமே, ஏன் போகலைன்னு எஸ்.ஐ. கேப்பாரு. அப்பறம் அதத் தோண்டுவாங்க. டீசல் துணின்னே சொல்லிருங்க. வேலன்னே இருக்கட்டும்."

நசுருதீன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஃப்யூஸ் ஏன் போகவில்லை என்று எஸ்.ஐ. கேட்பாரோ மாட்டாரோ, இந்த மனுஷன் கேட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை நாளும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தெரிந்துகொண்டேதான் வேலனைக் கைகாட்டியிருக்கிறார். உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் பாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்துக் கவுண்டர் காலடியில் வீசினார். "இது எந்த எலி கட்டுனதுங்க?"

பொங்கியண்ணன் குனிந்து அதை எடுத்தார். முடிச்சைக் கட்டைவிரலால் தடவினார். கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை.

"தெரியுமுங்க" என்றார். "தீயப் பாத்த உடனேயே தெரியும். வேற ஏதாச்சும் இருக்கும், நீங்க பாத்தா வேற ஏதாச்சும் சொல்லுவீங்கன்னுதான் கூப்புட்டேன். வேலன் துணிய வெச்சது நெசமாத்தான் இருக்கோணும்னு சாமியக் கும்புட்டேன், பாயி. நாந்தான்னு தெரிஞ்சுக்கிட்டு எப்படியுங்க சோறு திங்கறது? ஆராச்சும் ஒருத்தன் வேணுமில்லீங்களா?"

அந்த இடத்தில் நசுருதீன் பேசாமல் இருந்திருக்கலாம். மனுஷன் ஏற்கெனவே செத்துத்தான் நிற்கிறார் என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் வேலனின் கட்டுப்போட்ட கைகள் மனசில் வந்து நின்றன. வாய் முந்திக்கொண்டது.

"அந்த ஒருத்தனுக்கும் இது தெரியுமுங்க! உங்க பையனுக்கே தெரியும்! அப்பாவுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சாப் பொழைக்க மாட்டாருன்னு வேலன்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டுச் செத்தான். அதுக்காக வேலன் மண்ணத் தூத்துனாலும் வாங்கிக்கிட்டு நிக்கறான். நீங்க அவன ஜெயிலுக்கு அனுப்பறீங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வார்த்தையைத் திரும்ப எடுக்க வழியில்லை.

பொங்கியண்ணன் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. தான்தான் காரணம் என்பதை அவர் எப்படியோ சுமந்துகொண்டு நின்றார். மகனுக்கு அது தெரியாது என்கிற ஒரு ஆறுதலில்தான் நின்றார்.

"அருளுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஆஸ்பத்திரில நாந்தான் எளநி ஊட்டுனேன். என்ற மூஞ்சியப் பாத்துச் சிரிச்சானுங்களே. வாயெல்லாம் வெந்து கெடக்குது, அப்பவும் சிரிச்சான். ஏன் கண்ணு சிரிக்கறேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லீங்கப்பான்னான்." அதையே இன்னொரு தடவை சொன்னார். "ஒண்ணுமில்லீங்கப்பான்னானுங்க."

கருப்பாத்தாள் எழுந்து வந்தாள். புருஷன் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். அடிப்பாள், கத்துவாள் என்று நசுருதீன் பயந்தார். அவள் கவுண்டரின் கையைப் பிடித்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இழுத்தாள்.

"நடங்க. எஸ்.ஐ. வாரதுக்குள்ள வேலன் ஊட்டுக்குப் போயிட்டு வரலாம்."

மூன்று பேரும் போனார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று போத்தனூர்ப் பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அது போய் முடிகிற வரைக்கும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கவுண்டர் வீட்டார் வருகிறார்கள் என்றதும் வேலன் பெண்டாட்டி பயந்து உள்ளே ஓடினாள். வேலன் வாசலுக்கு வந்தான். கருப்பாத்தாள் அவன் கைக்கட்டைத் தொடப் போய், வலிக்குமோ என்று தொடாமல் நின்றாள். "என்னைய மன்னிச்சுப்போடு, சாமி" என்றாள். 

"எஸ்.ஐ.கிட்ட நாந்தான்னு சொல்லிப்போடறேன், வேலா" என்றார் பொங்கியண்ணன். "நீ ஒண்ணுக்கும் பயப்படாத. கம்பி கட்டுனது நானு. என்ற பையன நாந்தான்…"  பாதியிலேயே புழுதியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தடுமாறி, கையை ஊன்றிக்கொண்டார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கருப்பாத்தாள் அவரைத் தூக்கப் பார்த்தாள். அந்த உடம்பு எழுந்திருக்க மனசில்லாமல் கனத்துக் கிடந்தது.

வேலன் அவரைப் பார்க்கவில்லை. நசுருதீனைப் பார்த்தான்.

"சொல்லிப்போட்டீங்களா, பாயி?"

நசுருதீன் குனிந்து, கருப்பாத்தாளோடு சேர்ந்து கவுண்டரின் தோளைப் பிடித்தார். 

"நான் ஜெயிலுக்குப் போயிருப்பனுங்களே. போயிட்டு வந்திருப்பேன்."  வேலன் கட்டுப்போட்ட கையைத் தூக்கி, புழுதியில் கிடந்த கவுண்டரைக் காட்டினான். "சின்னவரு இதுக்குத்தானுங்க சொல்ல வேண்டாம்னாரு."

பிறகு உள்ளே பார்த்து, சீக்கிரம் தண்ணி கொண்டு வரச் சொல்லிப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.